நீல நூலின் மறுமுனை

போபோடி, புனே
20 ஜனவரி 2025

கிறிஸ்டோபருக்கு,

'அன்புள்ள' என்று எழுதி அடித்துவிட்டேன். பொய் எதற்கு? ஒன்றரை வருஷமாக உன் நம்பரை பிளாக் செய்து வைத்திருக்கிறேன், இப்போதும் எடுப்பதாக இல்லை. நாம் போனில் பேசினால் மூன்றாவது நிமிஷம் நான் கத்துவேன், நான்காவது நிமிஷம் நீ வைத்துவிடுவாய். "பேச முடியலன்னா எழுதித் தொலைங்க ரெண்டு பேரும்" என்று அம்மா சொன்னாள். அதனால் எழுதுகிறேன். சமாதானத்துக்கு இல்லை, ஒரு படம் காட்டத்தான்.

சித்தி மகள் நிச்சயதார்த்தத்தில், பந்தியில், அறுபது பேர் முன்னால் நீ சொன்னது உனக்கு மறந்திருக்கும். "எங்க எஸ்தரக்கா புனேல இருந்து கடல் வரையுதா. குழாயத் தெறந்து பாத்து பாத்து வரையுதா." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பாயசத்தை இலையிலேயே விட்டுவிட்டு எழுந்தேன், அதை எவரும் கவனிக்கவில்லை.

தாத்தா போட்டோ ஸ்டுடியோக்களுக்குக் கடல் படுதா எழுதினார். அப்பா தூத்துக்குடியில் பாதி வீட்டுக் கூடத்தில் கடல் வரைந்தார். கடலைத் தவிர வேறொன்றும் வரையாத குடும்பத்தில் பிறந்து, கடலே இல்லாத ஊருக்கு வாக்கப்பட்டு வந்தது என் குற்றமா? உன் அத்தானுக்குக் கட்கி தொழிற்சாலையில் வேலை. அதைக் கடற்கரைக்குத் தூக்கிக்கொண்டு வர முடியாது.

இப்போது கேள். வாகட்டில் ஒரு பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பு. அதன் லாபியில் இருபத்துநான்கு அடி நீளச் சுவர். 'கொங்கணில் அஸ்தமனம்' வேண்டும் என்றார் கமிட்டித் தலைவர் பத்ரிநாத், வங்கியில் இருந்து ஓய்வு பெற்ற கும்பகோணத்துக்காரர். இரண்டு மாதம் ஏணியிலேயே குடித்தனம் நடத்தி வரைந்து முடித்துவிட்டேன். மூன்றாவது மாடி நாய் என் அலையைப் பார்த்துக் குரைக்கிறது. படத்தின் பெயர் பொறித்த பித்தளைப் பலகைக்குச் சொல்லியாகிவிட்டது. மார்ச் 30, குடி பாட்வா அன்று, மராத்திக்காரர்களின் வருஷப் பிறப்பில், திறப்பு விழா.

போட்டோ வைத்திருக்கிறேன். பார்த்துவிட்டுச் சொல், இது குழாய்த் தண்ணீரா, கடலா? ஒரு வரி போதும்.

எஸ்தர்


தூத்துக்குடி
30 ஜனவரி 2025

அக்கா,

கடல்தான்.

நீ கேட்ட ஒரு வரி இது. இத்தோடு நிறுத்தினால் எனக்கு நல்லது, ஆனால் நான் எப்போது எனக்கு நல்லதைச் செய்திருக்கிறேன்? அதனால் மேலே எழுதுகிறேன்.

இரண்டு நாள் அந்தப் போட்டோவைச் சாப்பாட்டு மேஜையில் வைத்துப் பார்த்தேன். அலை நன்றாக இருக்கிறது. நுரை அப்பாவின் நுரை மாதிரியே இருக்கிறது, அது எனக்கு இன்றுவரை வரவில்லை. ஆனால் அக்கா, அது அஸ்தமனம் இல்லை. படகுகளின் கொடிகளைப் பார். பதினோரு கொடியும் கடலைப் பார்த்துப் பறக்கின்றன. கரையிலிருந்து கடலுக்குக் காற்று அடிப்பது விடியற்காலையில்தானே? சாயங்காலம் காற்று கடலிலிருந்து கரைக்கு வரும், கொடி நம்மைப் பார்த்து அல்லவா பறக்க வேண்டும்? உன் வலைகள் காய்ந்து மடிந்து கிடக்கின்றன, ஒரு மீன்கூட இல்லை. அந்தப் படகுகள் திரும்பி வரவில்லை, போய்க்கொண்டிருக்கின்றன. போதாததற்கு அவை நம் ஊர் வள்ளங்கள். காலை ஆறரை மணித் தூத்துக்குடியை வரைந்து, சூரியனுக்குக் கொஞ்சம் சிவப்பு அதிகம் பூசி, கொங்கண் அஸ்தமனம் என்று பெயர் வைத்திருக்கிறாய்.

இன்னொன்று. தொடுவானம் இடது ஓரத்தில் ஒரு விரற்கடை இறங்கியிருக்கிறது. நூலின் மறுமுனையை யார் பிடித்தது? சலவை நீலத்தில் தோய்த்த நூலை ஆளுக்கொரு முனையில் இழுத்துப் பிடித்து, "பிடிச்சியா?" என்று ஒருவர் கேட்டு, "பிடிச்சேன்" என்று மற்றவர் சொன்ன பிறகுதான் சுண்டுவோம். முதலில் அப்பாவும் அம்மாவும், பிறகு நீயும் நானும். நம் வீட்டில் தனியாளாக எவரும் தொடுவானம் போட்டதில்லை.

பாயசத்தை விட்டுவிட்டு எழுந்ததை நான் கவனித்தேன்.

கிறிஸ்டோபர்


போபோடி
8 பிப்ரவரி 2025

கிறிஸ்டோ,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு மாவு டப்பாவை எடுத்து மேடையில் ஓங்கி வைத்தேன். மூடி திறந்து சமையலறை முழுக்கப் பனி. உன் அத்தான் விஜய் ஷிப்ட் முடிந்து வந்து நின்று, "அரே, மச்சான் லெட்டர் வந்துச்சா? ஸரா, கொஞ்சம் சத்தமாப் படி, நானும் கேக்குறேன்" என்றார். போபோடியிலேயே பிறந்து வளர்ந்தவர், தமிழ் எழுத்தைக் கூட்டிக் கூட்டித்தான் படிப்பார். நான் படிக்கப் படிக்க அவர் சிரித்தார். அவரிடமும் இரண்டு நாள் பேசவில்லை.

எனக்குக் கோபம் நீ சொன்னதால் இல்லை. நீ இரண்டாவது ஆள் என்பதால். முதல் ஆள் ஷபானா. அந்தக் குடியிருப்பில் துப்புரவு வேலைகளை மேற்பார்வை பார்க்கிறவள், தாபோலிக்குப் பக்கத்தில் ஹர்ணை என்கிற மீன்பிடி ஊரில் பிறந்தவள். மாப்பைப் பிடித்துக்கொண்டு வெகு நேரம் படத்தைப் பார்த்தாள். "தீதி, யே தோ சுபஹ் ஹை" என்றாள். காலை நேரமாமே! படகு போகிறதாம், வரவில்லையாம். நான் அவளை முறைத்தேன். உன் கடிதம் வந்த பிறகு போய் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன்.

நூலைப் பிடித்தது ஓர் ஆணி. விஜய்க்கு ஷிப்ட், அவர் பிடித்தாலும் சிரித்து ஆட்டிவிடுவார். வாகட் சுவரில் ஆணி நிற்காது, சுண்ணாம்பு மாதிரி உதிர்கிறது. இழுத்த இழுப்பில் இறங்கியிருக்கிறது. நான் பார்க்கவில்லை.

இதுவரை வீராப்பு. இனிமேல் எழுதுவதை அம்மாவுக்குப் படித்துக் காட்டாதே. எனக்குப் பயமாக இருக்கிறது. நான் கடலை மறந்துவிட்டேனா? ஒன்பது வருஷமாகக் கண்ணை மூடினால் வருவது ஒரே கடல்தான். அது எப்போதும் காலையாகவே இருக்கிறது. நம் ஊரில் சூரியன் கடலில் எழும், சாயங்காலம் ஊருக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டிக்கு அந்தப் பக்கம் போய் விழும். கடலில் சூரியன் இறங்கி நான் பார்த்ததே இல்லை. பார்க்காததைப் பார்த்த மாதிரி வரைந்தேன். அப்படியானால் நீ பந்தியில் சொன்னது சரிதானே?

பத்ரிநாத்திடம் இன்னும் சொல்லவில்லை. பதினோரு கொடியைத் திருப்பிப் போட்டுவிட்டால் போதுமா?

எஸ்தர்


தூத்துக்குடி
17 பிப்ரவரி 2025

அக்கா,

போதாது. கொடியைத் திருப்பினால் நுரையைத் திருப்ப வேண்டும். நுரையைத் திருப்பினால் வலையை நனைக்க வேண்டும், மீனைப் போட வேண்டும், மீன் வந்தால் காக்கை வர வேண்டும். கடைசியில் நல்ல காலை ஒன்று கெட்டுப்போய், கெட்ட சாயங்காலம் ஒன்று மிஞ்சும். கையை வைக்காதே.

நீ கடலை மறக்கவில்லை. மறந்தவளாக இருந்தால் கொடியை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் பறக்கவிட்டிருப்பாய். பதினோரு கொடியும் சொல்லிவைத்த மாதிரி ஒரே பக்கம் பறந்ததுதான் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. உன் கை தப்பு செய்யவில்லை. பலகைதான் தப்பு.

ஆனால் ஒன்று கேட்கிறேன். ஒன்பது வருஷமாகப் புனேயில் இருக்கிறாய். மேற்கே அரை நாள் பஸ்ஸில் போனால் ஒரு முழுக் கடல் இருக்கிறது. ஒரு தடவைகூடப் போகவில்லையா? நீ என்ன, நம் கடலுக்குத் தாலி கட்டியவளா? அந்த ஷபானாவைக் கூட்டிக்கொண்டு போ. போய்ப் பார்த்துவிட்டு எழுது.

ஆணி விஷயம் அம்மாவிடம் சொல்லவில்லை. என் ஆணி விஷயத்தையும் நீ சொல்லாதே. அம்மாவுக்குத் தோள்வலி வந்ததிலிருந்து நானும் ஆணியில்தான் கட்டுகிறேன். போன மாதம் ஒரு ரிசார்ட்டில் வரைந்தேன். முதலாளி அச்சுதன் தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "தம்பி, கடலு கொஞ்சம் தண்ணியப் போட்டிருக்கோ?" என்றார். உப்புக்காற்றில் ஆணி துருப்பிடித்து வளைந்திருந்தது.

ஆக, குடும்பத்தில் இரண்டு கடலும் சாய்ந்துதான் நிற்கின்றன.

கிறிஸ்டோபர்


போபோடி
3 மார்ச் 2025

கிறிஸ்டோ!

பார்த்துவிட்டேன்!

ஷபானாவோடு எஸ்டி பஸ்ஸில், அதாவது இந்த ஊர் அரசு பஸ்ஸில், போனேன். ஆறு மணி நேரம் மலைப்பாதை, மூன்று தடவை வாந்தி, இரண்டு என்னுடையது. ஹர்ணையில் இறங்கியபோது மாலை ஐந்து மணி. மணலிலேயே மீன் ஏலம் நடக்கிறது. ஷபானாவின் மாமிகள் எல்லாம் அங்கேதான், நம் ஊர்ப் பெண்களைப் போலவே இடுப்பில் கை வைத்துக்கொண்டு சண்டை போடுகிறார்கள். படகுகள் கடலிலிருந்து வந்துகொண்டே இருந்தன. எல்லாக் கொடிகளும் என்னைப் பார்த்துப் பறந்தன. நான் விரல் விட்டு எண்ணினேன். ஒன்றுகூடத் தப்பவில்லை.

அப்புறம் சூரியன் இறங்கியது. கிறிஸ்டோ, அது கடலுக்குள்ளேயே இறங்குகிறது! தண்ணீர்த் தொட்டி இல்லை, ஊர் இல்லை, நேராகத் தண்ணீருக்குள். கடைசித் துண்டு போனதும் நான் கைதட்டிவிட்டேன். ஏலம் போடுகிறவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். தினமும் நடக்கிற விஷயத்துக்கு ஒருத்தி கைதட்டுகிறாள் என்று ஷபானாவுக்கு ஒரே வெட்கம். நான் அழுதேன், சிரித்தேன், வறுத்த பாங்டா மூன்று தின்றேன். பாங்டா வேறு ஒன்றுமில்லை, நம் அயிலைதான். இத்தனை நாள் நான் போகாததற்குக் காரணம் உனக்குத் தெரிந்திருக்கிறது, அதுதான் தாலி என்று எழுதினாய். வேறு கடலைப் பார்த்தால் நம் கடலுக்குத் துரோகம் என்று முட்டாள்தனமாக நினைத்திருந்தேன்.

திரும்பி வந்ததும் நேரே பத்ரிநாத்திடம் போய்ச் சொல்லிவிட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "என்னம்மா சொல்றே? அப்போ நாங்க ரெண்டு மாசமா அஸ்தமனம்னு கும்பிட்டது உதயமா?" என்றார். கமிட்டியைக் கூட்டினார். படத்தை அழி என்று சொல்லிவிட்டால் இந்த ஊரில் இன்னொரு சுவர் எனக்குக் கிடைக்காது. எல்லோரும் படத்தின் முன்னால் நின்று கொடிகளைப் பார்த்தார்கள். ப்ரியம்வதா காலே என்று ஒரு பள்ளி ஆசிரியை, வாயே திறக்காதவர், அன்றைக்குத் திறந்தார். "நவ வர்ஷாலா சூர்யாஸ்த கஷாலா?" என்றார். வருஷப் பிறப்பு அன்று வாசலில் எதற்கு அஸ்தமனம் என்று கேட்கிறார்! காலைதான் வேண்டும் என்று எல்லோரும் கையைத் தூக்கினார்கள். பலகை மாறுகிறது. 'தூத்துக்குடி, காலை ஆறரை.' நீ எழுதிய நேரத்தையே கொடுத்துவிட்டேன்.

அதோடு முடியவில்லை. எதிர்ச் சுவரில் ஹர்ணையின் சாயங்காலம் வேண்டுமாம். கிழக்கில் நம் கடல், மேற்கில் இந்தக் கடல், நடுவில் உள்ள சுவர் உட்பட மூன்று சுவருக்கும் ஒரே தொடுவானம். சாய்ந்ததையும் நிமிர்த்த வேண்டும். பாட்வா அன்று எல்லோர் முன்னாலும் நூல் சுண்டித் தொடங்கச் சொல்கிறார்கள்.

ஆணியை நம்பப் போவதில்லை. வருகிறாயா?

எஸ்தர்


தூத்துக்குடி
11 மார்ச் 2025

அக்கா,

உன் கடிதத்தை அம்மா மூன்று தடவை வாசிக்கச் சொன்னாள். கைதட்டிய இடத்தில் அவளும் தட்டினாள்.

என்னால் வர முடியாது. ரிசார்ட்டில் இரண்டாவது சுவர் மே மாதம் தொடங்குகிறது, அதற்கு முன்பு முதல் சுவரைச் சரிசெய்ய வேண்டும். ரயிலிலும் இடமில்லை. இந்த இரண்டு காரணமும் நல்ல காரணங்கள். இரண்டும் பொய்.

உண்மையைச் சொல்கிறேன். அந்த ரிசார்ட் வேலை எனக்கு எப்படிக் கிடைத்தது தெரியுமா? அச்சுதன் நம் வீட்டுக்கு வந்தபோது கூடத்தில் மாட்டியிருந்த கடலைப் பார்த்தார். நீ கல்யாணத்துக்கு முந்தின வருஷம் வரைந்தது. "இது மாதிரி வேணும் தம்பி" என்றார். அது யார் வரைந்தது என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. சுவர் கட்டி முடிய ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது, ஆனால் அந்த நிச்சயதார்த்தம் அவர் கேட்டதற்கு அடுத்த வாரமே. பந்தியில் உன்னைப் பார்த்ததும் எனக்குக் கூசியது. கூச்சத்தை மறைக்கக் குழாய்த் தண்ணீர் என்று சொல்லிவிட்டேன். நீ போன பிறகு நான் வரைவது ஒன்றும் எனக்கே பிடிக்கவில்லை, அந்த எரிச்சலும் சேர்ந்துகொண்டது. தப்பு என்னுடையது அக்கா. மன்னித்துக்கொள்.

இந்த முகத்தை வைத்துக்கொண்டு உன் சுவர் முன்னால் எப்படி நிற்பது? அதனால் அப்பாவின் நூலை அனுப்புகிறேன். அறுபது அடி, முடிச்சு இல்லாதது. நீலம் ஊறி ஊறிக் கறுத்துவிட்டது, ஆனால் இன்னும் சுள்ளென்று அடிக்கும். மறுமுனையை ஷபானா பிடிக்கட்டும்.

கிறிஸ்டோபர்


போபோடி
18 மார்ச் 2025

ஏலே கிறிஸ்டோ,

நூல் வந்தது. முகர்ந்து பார்த்தேன். அப்பாவின் அலமாரி வாசனை. கொஞ்ச நேரம் அடுப்பில் பால் பொங்கியது தெரியவில்லை.

உன் குற்றத்தைப் படித்தேன். உன் மேல் கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை, சிரிப்புதான் வந்தது. என் கடலைக் காட்டி வேலை வாங்கிவிட்டு என்னையே கிண்டல் செய்தாயா? என்ன துணிச்சல்! விஜய், "மச்சான் பக்கா ஆளு" என்கிறார். போய் அந்த அச்சுதனிடம் உண்மையைச் சொல். அதுதான் தண்டனை. அதற்கு மேல் கிடையாது, மன்னித்துவிட்டேன்.

ஆனால் நூலை மட்டும் அனுப்பினாயே, உனக்குப் புத்தி இருக்கிறதா? அப்பாவின் நூல் என்னிடம் இருக்கிறது. இனி நீ எந்தச் சுவரில் கோடு போடுவாய்? சணல் கயிற்றாலா? நூல் வேண்டுமென்றால் போபோடிக்கு வந்து வாங்கிக்கொள். தபாலில் திருப்பி அனுப்ப மாட்டேன். ஷபானா மறுமுனையைப் பிடிக்க மாட்டாள், நடுவில் நின்று சுண்டுவதாகச் சொல்லிவிட்டாள். ஒவ்வொரு சுவராகச் சுண்டினாலும் இருபத்துநான்கு அடி நூலுக்கு நடுவில் ஓர் ஆள் வேண்டுமே. ஆக, ஒரு முனை காலியாக இருக்கிறது.

உன் நம்பரை அன்பிளாக் செய்துவிட்டேன். போன் செய்யாதே, சண்டை வரும். ரயிலேறு.

எஸ்தர்


போபோடி
3 ஏப்ரல் 2025

அன்புள்ள தம்பிக்கு,

இந்தத் தடவை அடிக்கவில்லை.

உன்னை ரயிலேற்றிவிட்டு வந்ததிலிருந்து வீடு வெறிச்சென்று இருக்கிறது. நாலு நாளில் என்ன சத்தம் போட்டாய்! நீ மறுமுனையில் சுவரைப் பார்த்து நின்றதால் சிலதைப் பார்த்திருக்க மாட்டாய். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நான் "பிடிச்சியா?" என்று கத்தியதும் லாபியில் இருந்த நூறு பேரும் வாயை மூடிவிட்டார்கள். தொண்டையைச் செருமினாய். எனக்குத் தெரியும், அது தூசியால் இல்லை. "பிடிச்சேன்க்கா" என்று நீ சொன்னபோது உன் குரல் பத்து வயசுக் குரலாக இருந்தது. ப்ரியம்வதா டீச்சர் முந்தானையால் கண்ணைத் துடைத்தார். அவருக்கு ஒரு வார்த்தை தமிழ் தெரியாது.

பத்ரிநாத் விஷயம்தான் முக்கியம். கிட்டே போய்ப் பார்க்கிறேன் என்று சுவரோரம் ஒட்டி நின்றார் அல்லவா? ஷபானா சுண்டியதும் வானத்துக்கும் தண்ணீருக்கும் நடுவில் விழ வேண்டிய கோட்டில் ஒரு முழம் அவருடைய பண்டிகை வெள்ளை ஜிப்பாவில், தொப்பைக்கு நேரே விழுந்துவிட்டது. நான் செத்தேன் என்று நினைத்தேன். அவர் குனிந்து பார்த்துவிட்டு, "லெவலா இருக்காம்மா?" என்று கேட்டார். இன்னும் அதைத் துவைக்கப் போடவில்லையாம், வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறாராம். சுவரில் விடுபட்ட இடத்தை நாம் மறுபடி சுண்டியபோது அவர் வீட்டம்மா அவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

தண்ணீர் நிரப்பிய டியூப் மட்டம் வைத்து மூன்று சுவரையும் நேற்று பார்த்தேன். மயிரிழை பிசகு இல்லை. காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் ஒரே கோடு. நான் நடுவில் நின்று, வரைந்து முடித்த கடலையும் இன்னும் கோடாக மட்டும் இருக்கிற கடலையும் மாறி மாறிப் பார்த்தேன். மறக்கவில்லை கிறிஸ்டோ. எனக்கு இப்போது இரண்டு கடல்.

ஒரு கெட்ட செய்தி. நூலை மறந்துவிட்டுப் போய்விட்டாய். நானே உன் பையில் வைத்தேன், இன்றைக்குப் பார்த்தால் என் பெயின்ட் டப்பாக்களுக்குப் பின்னால் சுருட்டி இருக்கிறது. நாளைக்கே கூரியரில் அனுப்பிவிடுகிறேன்.

எஸ்தர்


தூத்துக்குடி
10 ஏப்ரல் 2025

அன்புள்ள அக்கா,

அனுப்பாதே. மறக்கவில்லை, நான்தான் எடுத்து அங்கே வைத்தேன்.

அச்சுதனிடம் சொல்லிவிட்டேன். "அப்போ அக்காவக் கூப்பிடுங்க தம்பி, சுவரு ரெண்டு இருக்குல்லா" என்றார். மே பத்தாம் தேதி வேலை தொடங்குகிறது. உனக்கும் அத்தானுக்கும் டிக்கெட் போட்டாகிவிட்டது. அம்மா இப்போதே பாயசத்துக்குச் சேமியா வாங்கி வைத்துவிட்டாள். இந்தத் தடவை இலையில் விட்டுவிட்டு எழுந்துவிடாதே.

ரிசார்ட் சுவரில் இருந்த ஆணியைப் பிடுங்கிப் போட்டுவிட்டேன். அந்த இடத்தில் நான் நிற்பேன். நூலைக் கொண்டு வா.

கிறிஸ்டோ